ரோஸி கேட்ட கேள்வி

எங்களுடையது துறைமுகத் தொழிலாளிக் குடும்பம். சென்ற ஆண்டு என் மகன் சேவியர் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். அவனுடைய நான்கு வயதுத் தங்கை ரோஸி ஏங்கிவிடக்கூடாதென்று, அவன் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். சில வாரங்களில் அவள் பேச்சு நின்றுபோனது; கூப்பிட்டாலும் திரும்பவில்லை. காது போய்விட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நர்சம்மா அவள் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டினார், திரும்பினாள். பிறகு இரண்டு பொம்மைகளைக் கொடுத்தார். ரோஸி ஒன்றைத் துணியால் மூடிவிட்டு அழுதாள்.

“காது நல்லா கேக்குது. வூட்ல யாருக்கு இன்னா ஆச்சும்மா?” என்றார். சொன்னேன்.

“கொயந்தைக்கும் சொல்லிடும்மா. அதுக்குத் தெரிஞ்சுதான் கீது.”

அங்கேயே அவளை மடியில் வைத்துச் சொன்னேன்: “அண்ணன் செத்துப்போச்சு கண்ணு. இனிமே வராது.”

“நான் அடிச்சதாலயாம்மா?” என்றாள் ரோஸி.

இப்போது அவளிடம் எதையும் மறைப்பதில்லை. ஜெபத்தில் சேவியர் பெயரை அவளே சொல்கிறாள். சில நாள் அதே கேள்வியை மறுபடி கேட்கிறாள். இல்லை கண்ணு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

— ஒரு தாய், ராயபுரம்