தேவயானி மாட்டிய சோலனாய்டு

பெரம்பலூரில் டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நேரே தேவயானியின் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்குத்தான் வருவார்கள். பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருப்பதால் எனக்கு அவருடைய கைராசியும் தெரியும், வாயும் தெரியும். அவர் சொன்ன கோளாறை மறுத்துப் பேசினால் தொலைந்தோம்.

அவர் கணவர் அன்பழகன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். காலமெல்லாம் தனியாகச் சுற்றிய மனுஷன், இனி மனைவியோடுதான் சுற்றுவது என்று பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து வீடாக்கினார். வண்டி ஓடும்போது இன்ஜின் பேட்டரியோடு உள்ளே இருக்கும் பேட்டரியையும் இணைத்து சார்ஜ் ஏற்ற ஒரு சோலனாய்டு வேண்டும்; கரண்ட் வந்தால் இழுத்துப் பிடித்து இணைப்புக் கொடுக்கிற சுவிட்ச் அது. தேவயானி கைக்குப் பழகிய டிராக்டர் சோலனாய்டையே மாட்டிவிட்டார்.

வெள்ளோட்டம் போன அன்பழகனுக்குத் திருச்சி தாண்டியதும் ஃபேன் நின்றது. கடைக்குக் கொண்டுவந்து சாவி போட்டால் டக்கென்று சத்தம் கேட்கும், எல்லாம் சரியாக இருக்கும். தேவயானி அதே ரகத்தில் புதிதாக ஒன்று மாட்டினார். அதுவும் அதே கதை. அன்பழகன் வெறுத்துப்போய் நாமக்கல்காரர் ஒருவருக்கு வேனை விலை பேசிவிட்டார். புதன்கிழமை வந்து ஓட்டிப்போவதாக ஏற்பாடு.

“நீயும் கடைய வுட்டு வரமாட்ட, இதுவும் ஓடாது. எனக்கு எதுக்கு இந்த வண்டி?” என்றார். தேவயானி கையிலிருந்த ஸ்பேனரை டொக்கென்று வைத்தார். எனக்கே பயமாகிவிட்டது.

செவ்வாய் காலை கடையைப் பூட்டிவிட்டு, அன்பழகனை ஓட்டச் சொல்லி, சார்ஜ் பார்க்கும் மீட்டரோடு வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். திருச்சி போகும் வழியில் பாடாலூர் பக்கம் போகும்போது சார்ஜ் இறங்கியது. சோலனாய்டில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். தோசைக்கல்லாகக் கொதித்தது. டிராக்டரில் அதற்குச் சாவி திருப்பும் நேரம் மட்டும்தான் வேலை. இங்கேயோ வண்டி ஓடும் வரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். சூடேறினால் பிடியை விட்டுவிடும், கடைக்கு வருவதற்குள் ஆறிவிடும். அப்புறம் கோளாறு எங்கே தெரியும்?

“ஒயர்ல ஒண்ணும் இல்லைங்க. நான்தான் தப்பா மாட்டிட்டேன்” என்றாராம். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத பேச்சு என்பதால் அன்பழகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

திருச்சியில், நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கிற ரகமாகக் கேட்டு வாங்கி அங்கேயே மாட்டினார். மதுரை வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மதுரையில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். இன்னும் கொஞ்ச தூரம் பார்த்துவிடலாம் என்றாராம்.

புதன்கிழமை நாமக்கல்காரர் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் அன்பழகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கடல் அலைச் சத்தம் கேட்டது. எடுத்துப் பேசியது தேவயானி.

“வண்டிய விக்கலீங்க. நாங்க அதுலதான் குடியிருக்கோம்.”