தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

பிறந்தபோது என் தம்பியின் எடை ஒன்றரைக் கிலோ. அதுவும் சுற்றியிருந்த துண்டோடு சேர்த்து. தேறமாட்டான் என்றார்கள், தேறினான். அவன் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது என்றார் கணக்கு வாத்தியார். இன்று பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவன் அவன்தான். பெண் கொடுக்க யோசித்தார்கள். அவனைவிட அரை அடி உயரமான பெண் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கவிதைப் போட்டியில் இரண்டு ஆறுதல் பரிசுகள், இரண்டும் டிபன் கேரியர். ஒன்று என்னிடம் இருக்கிறது.

கவிதை அவனுக்கு விக்கலில் வருகிறது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. விக்கல் எடுத்தால்தான் எழுதுவான். அது எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே வரியை ஒடிப்பான். "மௌனத்தைக் கையாளும் துணிச்சல்" என்று ஒரு விமர்சகர் இதைப் பாராட்டியிருக்கிறார். வேலை நேரத்தில் வந்துவிட்டால், "ஏழாம் நம்பர்... ஹிக்... பேருந்து" என்று ஊரே கேட்கும். காய்கறிக் கடையில் நிற்கும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் விக்கல் எடுத்தவனுக்கு யாரும் தண்ணீர் தருவதில்லை. கல்யாணமான புதிதில் அவன் மனைவிக்கு இது தெரியாது. நாலாவது வரியில் ஒரு சொம்பு தண்ணீரைக் குடிக்கவைத்து, உச்சந்தலையில் தட்டியும் விட்டாள். "நல்லா போயிட்டிருந்துச்சே, அணைச்சிட்டியேடி!" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அந்தக் கவிதை இன்றும் மூன்றரை வரியோடு நிற்கிறது.

எந்தக் கவிதையின் கீழும் பெயர் போடமாட்டான். "அது சொல்லுது, நான் எழுதறேன். நான் வெறும் மைக்தான்க்கா" என்பான். டிபன் கேரியரில்கூட பெயருக்குப் பதில் எங்கள் வீட்டு எண்ணைத்தான் பொறித்துக் கொடுத்தார்கள்.

சென்ற மாதம், அவனுடைய கவிதைகளைத் திருப்பி அனுப்பியே பழகிய பெரிய பத்திரிகையிலிருந்து போன் வந்தது. கடைசிப் பக்கம் காலி. ஐந்து மணிக்குள் புதுக் கவிதை வந்தால் அவனுக்கு. இல்லையென்றால் மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கு.

விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். விக்கல் வரவில்லை.

காய்ந்த ரொட்டியை அடைத்தோம். இறங்கிவிட்டது. சோடாவை ஒரே மடக்கில் குடித்தான், ஏப்பம் வந்தது.

"ஏப்பத்துல எழுத வராதாங்க?"

"அது வேற இலக்கியம்டி. பேசாம இரு."

பச்சை மிளகாயைக் கடித்தான், கண்ணீர் கொட்டியது. "மத்த கவிஞருக்கெல்லாம் கண்ணீர்லதானடா வருது?" என்றேன்.

"நம்ம பஸ் அந்த ரூட்ல போகாதுக்கா."

கிச்சுக்கிச்சு மூட்டியும் பார்த்தோம். நாற்காலியிலிருந்து விழுந்ததுதான் மிச்சம். தரையில் கிடந்தபடியே, "போச்சுக்கா. தைலத்துக்கே விட்டுடலாம்" என்றான். குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தைலக்காரன் விக்கலுக்கா காத்துக்கிட்டிருக்கான்? பஸ் வரலைன்னா நீ மைக்கை மூடிட்டு வீட்டுக்கா வந்துடறே? தாமதமா வரும்னு அறிவிக்கிறேல்ல? அதை எழுதுடா!"

எழுந்து உட்கார்ந்தான். எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான்.

"எங்கக்கா ஒடிக்கிறது?"

"எனக்கென்னடா தெரியும்? படிச்சுப் பாரு. எங்க மூச்சு வாங்குதோ அங்க ஒடி."

சட்டை நனைந்துவிட்டது. மூட்டை தூக்கியவன்போல இருந்தான். கடைசியில் படித்துக் காட்டினான்:

"வந்த பேருந்தில் ஏறிப் போனவர்கள்
என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்தான்
என் குரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்."

அவன் மனைவி படம் பிடித்து அனுப்பச் செல்போனை எடுத்து வந்தாள். தாளை மேசையில் நேராக வைத்தான்.

"ஹிக்."

மூவரும் அசையாமல் நின்றோம். இன்னொரு விக்கல். அவள் பழக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் புடவைக்குப் பின்னால் ஒளித்தாள். தம்பி எட்டி அதைப் பிடுங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு பேனாவைத் திறந்து, கவிதைக்குக் கீழே தன் முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, தேதியும் போட்டான்: மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.