அலமாரியில் காத்திருந்த பொட்டலங்கள்

எங்கள் தொழிலில் 'மிக அவசரம்' என்று எழுதாத பொட்டலமே வருவதில்லை. அதனாலேயே எதையும் அவசரமாகப் பார்க்க முடிவதில்லை.

நான் தடய அறிவியல் ஆய்வகத்தில் உயிரியல் பிரிவில் இருக்கிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரிகளும் அவள் உடுத்தியிருந்த துணியும் அரக்கு முத்திரையோடு எங்களிடம் வரும். அதில் வேறொரு ஆளின் தடயம் இருக்கிறதா, இருந்தால் யாருடையது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வருவது அதிகம், பார்க்கிறவர்கள் கொஞ்சம். பழைய பொட்டலங்கள் அப்படியே தேங்கிவிட்டன. அவற்றைப் பார்த்து முடிக்க ஒரு சின்னக் குழு போட்டு, அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மேஜையில் வேலை குவிந்துகிடக்க, வாசலில் ஆட்கள் காத்துக்கிடக்க, நடுவில் உட்கார்ந்து பழகிய ஆபீஸ்காரர்களான உங்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. ஆட்களின் பெயர், அடையாளங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மெத்தை

ஒரு நாள் காலையில் வாசலில் மினி வேன் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பெரிய மெத்தையை இறக்கினார்கள். பின்னாலேயே போர்வை, தலையணைகள், ஜன்னல் திரை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இத்தனையிலும் முக்கியமான, ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரி ஒரு சின்னக் காகித உறைக்குள் அடங்கியிருந்தது.

முன்பெல்லாம் வந்த பொருள் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு மெத்தையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடிப்பதற்குள் வேறு பல பெண்களின் உறைகள் அலமாரியில் கிடக்கும். அதனால் முதலில் ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரி, அதில் விடை கிடைக்காவிட்டால்தான் மற்றது என்று முறையை மாற்றியிருந்தோம். அதைச் சொல்லி மெத்தையை வேனில் திருப்பி ஏற்றச் சொன்னேன். கூட வந்து வியர்த்து விறுவிறுத்து நின்ற எஸ்.ஐ. பாவமாகப் பார்த்தார்.

"எதுல இருக்கும்னு எங்களுக்கு எப்படிங்க மேடம் தெரியும்? அதான் வூட்டை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஏத்திக்கிட்டு வந்துட்டோம்."

ரெண்டு பஸ் மாறி

வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு நாங்கள் பேசக் கூடாது. ஆனாலும் ஒரு மதியம் கேட்டில் ஒரு பெண் நிற்கிறாள், போகமாட்டேன் என்கிறாள் என்று காவலாளி வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். செந்துறையைத் தாண்டி முந்திரிக்காட்டு ஊர். அண்ணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் புகார் கொடுத்த ஆள் ஜாமீனில் வந்து, அவள் தெருவிலேயே கடை நடத்துகிறான். 'ஆஸ்பத்திரில எடுத்ததெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருச்சு' என்று ஊருக்குள் சொல்லிச் சிரிக்கிறானாம். அவள் முடிவைக் கேட்கவில்லை. "இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

உங்கள் வழக்கைப் பற்றிப் பேச முடியாதும்மா, ஆனால் இங்கே வந்த எதையும் கோர்ட் சொல்லாமல் தூக்கிப்போட மாட்டோம் என்றேன். அண்ணியின் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்தாள். போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் பொட்டலத்தைத் தேடி எடுத்து வரிசையில் முதலாவதாக வைத்தேன். என் மேலதிகாரி சாந்தி மேடம் அதைப் பார்த்துவிட்டு, எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வந்து நின்னவளுக்கு முதல்ல பாத்தா, பஸ்ஸேற முடியாம வூட்டுலயே கெடக்கிறவளுக்கு யாரு பாக்கறது?"

கிளீனர்

அந்த வாரமே வரிசையை மாற்றினோம். புகாருக்கு ஆளானவன் அதே ஊரில் நடமாடினாலும், பிடிபட்டவன் விசாரணை முடியாமல் சிறையில் கிடந்தாலும் அந்த வழக்குகள் முதலில். யாரும் கை வைக்காமலே செல்வியுடையது முன்னால் வந்தது. தடயம் அந்தக் கடைக்காரனுடையதுதான். வழக்கு நடக்கிறது.

அதே வரிசையில் பாடாலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றும் வந்தது. இருட்டில் நடந்த கொடுமை. அந்தப் பெண்ணுக்கு ஆளின் முகம் தெரியவில்லை. ரோட்டோரம் படுத்திருந்த ஒரு லாரி கிளீனரைச் சந்தேகத்தில் பிடித்திருந்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவரும் வராததால் அவன் உள்ளேயே இருந்தான். மாதிரியைப் பார்த்தோம். அவன் இல்லை. பிறகு வேறொரு வழக்கில் சிக்கியவனோடு அந்தத் தடயம் பொருந்தியது.

சாட்சி சொல்லப் போன இடத்தில், கோர்ட் வராந்தாவில் ஒரு ஒல்லியான ஆள் எழுந்து கும்பிட்டான். அந்தக் கிளீனர்தான் என்று போலீஸ்காரர் சொன்னார். "நல்லபடியா வெளியில வந்துட்டீங்களே" என்றேன்.

"ஜெயிலை விட்டு வந்துட்டேங்க மேடம். ஊருக்குள்ளதான் இன்னும் போவ முடியல."

கூப்பிடாமல் போனது

பழைய வழக்கில் ஆள் கிடைத்துவிட்டால் அந்தப் பெண்ணிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ஏலாக்குறிச்சிப் பக்கத்து வழக்கு ஒன்றில் பெண் காவலர் ஸ்டெல்லா, யூனிஃபார்ம் இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு, பழைய சிநேகிதி மாதிரி போனார். புகார் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இதற்குள் கல்யாணமாகி இடுப்பில் குழந்தை. விஷயத்தைக் கேட்டதும், "அப்ப நடையா நடந்தேன், ஒருத்தரும் வரல. இப்ப நான் கூப்பிடலையே, ஏங்க வந்தீங்க?" என்றாளாம். ஸ்டெல்லா தன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு ரிப்போர்ட்டை முடித்தால் ஒரு பாரம் இறங்குகிறது என்றே அவர் வந்து சொல்லும்வரை நினைத்திருந்தோம்.

விசாரணை நாளில் அவள் வந்தாள். கூடவே வயதான ஒரு அம்மா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. மாமியார்! அவளே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். புருஷன் வரவில்லை. அந்த அம்மா நேராக ஸ்டெல்லாவிடம் போனார்.

"எம் மவனுக்கு இன்னும் மனசு ஆறல, ஆறும். இவ எங்க வூட்டுப் பொண்ணு. எங்க உக்காரணும்னு மட்டும் காட்டுங்க."

காலி அலமாரி

ஒரு வழியாகக் கடைசிப் பழைய பொட்டலமும் ரிப்போர்ட்டாகிப் போனது. இரும்பு அலமாரியின் முன்னால் எல்லோரும் வந்து நின்றோம். யாரும் கைதட்டவில்லை, கைதட்டுகிற இடமில்லை அது. சாந்தி மேடம் மட்டும் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். எங்கள் உதவியாளர் முருகேசன் ஈரத்துணியால் ஒவ்வொரு தட்டாகத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுக் கவலையோடு சொன்னார்:

"இப்படிக் காலியா போட்டு வைக்காதீங்க மேடம். பக்கத்து செக்‌ஷன்ல பாத்தா அவங்க மூட்டையைக் கொண்டாந்து அடுக்கிருவாங்க."

வேலை கொஞ்சம் குறைந்தால் தேவலை என்று உங்களைப் போல எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். வேலையே இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.