பேட்டரிக்கு இடம்

எங்கள் டுங்கியின் முன்பலகை எனக்குத்தான் என்று யாரும் பட்டா எழுதித் தரவில்லை. ஆனால் அந்தமானில், எங்கள் ரங்கத் கடைத்தெருவில் யாராவது என்னை நிறுத்தி விலாசம் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். டுங்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இன்ஜின் வைத்த சின்னப் படகு. சதுப்புக்காட்டு ஓடையில் தூண்டில் போட வரும் மெயின்லேண்டுக்காரர்களை அப்பா அதில் அழைத்துப் போவார். அம்மா அரசாங்க நர்ஸ். நிக்கோபார் பக்கம் ஒரு தீவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். லீவு கிடைத்தால் கப்பல் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது. ஆக, வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பா வீட்டில் பேசமாட்டார். படகிலும் பேசமாட்டார், ஆனால் படகில் அது தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால் ஃபிரிட்ஜின் முனகல்தான் என்னை வரவேற்கும். பையை எறிந்துவிட்டுத் துறைக்கு ஓடிவிடுவேன். அப்பா பின்னால் இன்ஜினோடு, வந்தவர்கள் நடுவில், நான் முன்னால். முன்னால் கொஞ்சம் கனம் இருந்தால்தான் டுங்கி மூக்கைத் தூக்காமல் போகும். அதனால் நான் ஓசியில் வரவில்லை, வேலை பார்க்கிறேன் என்பது என் கட்சி.

அந்த வருஷம் சீசன் முடிகிற சமயத்தில், வந்திருந்த ஒருவர் தன்னுடைய கரண்ட் மோட்டாரைத் திரும்பத் தூக்கிப்போக அலுத்துக்கொண்டு அப்பாவிடமே கொடுத்துவிட்டார். படகின் முனையில் மாட்டிக்கொண்டால் மீனுக்குக்கூடத் தெரியாமல் நகரலாம். ஆனால் அது ஓட இரண்டு பேட்டரி வேண்டும். லாரிக்குப் போடுகிற மாதிரிப் பேட்டரிகள், ஒன்றைத் தூக்கவே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இதுகளை எங்கே வைப்பது?

"ஆகே ரக்கோ பாய், ஆகே," என்றார் பக்கத்துப் படகுக்கார தாதா. அவர் பெங்காலி, அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். முன்னால் வை என்று சொன்னதோடு விடாமல், அந்தமான் இந்தியில் காரணங்களையும் அடுக்கினார். மோட்டார் முன்னால் இருப்பதால் வயர் குட்டையாகப் போதும். பின்னால் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, ஆபத்து. கனமும் சரியாக உட்காரும். முன்பலகையை அறுத்தெடுத்துவிட்டு, உப்புத் தண்ணீர் படாதபடி ஒரு பெட்டி அடித்துவிட வேண்டியதுதான் பாக்கி. பெட்டி மேல் யாரும் உட்காரக் கூடாது.

அப்பா என்னைக் கரையில் இறக்கிவிட்டு, இரண்டு பேட்டரியையும் பலகை மேல் வைத்துப் பார்த்தார். டுங்கி கொஞ்சமும் சாயாமல் நின்றது. நான் உட்கார்ந்திருந்தால் எப்படி நிற்குமோ அப்படியே. தாதா கைதட்டினார்.

"அப்ப நான் எங்க உக்கார?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். ஒரு பேட்டரியைப் பலகையிலிருந்து இறக்கினார்.

"பின்னாலயே வச்சிருவோம்," என்றார்.

"பாகல் ஹோ கயா க்யா?" என்று தாதா தலையில் அடித்துக்கொண்டார். பைத்தியமா என்று அவர் கேட்டதில் தப்பில்லை. டேங்க்கை நடுவுக்கு நகர்த்தி, தடித்த வயரைப் பின்னாலிருந்து முனைவரை ஓரமாகவே இழுத்து, அப்பா இரண்டு நாள் மல்லுக்கட்டினார். நான் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி தாதாவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

அந்தக் கோடை லீவு முடியுமுன் என்னைப் பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில், கராச்சர்மாவில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். "அங்க பள்ளிக்கூடம் பக்கம்த்தா. பேச்சுத் துணைக்குப் பிள்ளைக இருக்கு," என்றார் அப்பா. அம்மாவும் அவரும் போனில் அதை முடிவு செய்தது பேட்டரி வருவதற்கும் முந்தி என்று சித்திதான் பிறகு சொன்னாள். சித்தி வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஒரே பாயில் மூன்று பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு, இவ்வளவு தனியாக யாராவது இருந்திருப்பார்களா என்று யோசிப்பேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனகலுக்குக்கூட ஏங்கினேன்.

பூஜா லீவுக்கு ரங்கத் வந்து நேராகத் துறைக்குப் போனேன். முன்பலகையில் ஒரு அரிசிச் சாக்கு உட்கார்ந்திருந்தது, கழுத்துவரை மணலோடு.

"தினம் இதே தமாஷா," என்று தாதா என்னிடம் புகார் சொன்னார். "அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறான். பேட்டரிய முன்னால வச்சா தீர்ந்தது. நீயாவது சொல்லு, மகளே."

அப்பா சாக்கின் காதைப் பிடித்து இழுத்து மணலைக் கரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எனக்கும் தாதா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

"ஏன்ப்பா, பேட்டரிய முன்னாலயே வச்சிருக்கலாம்ல?"

"அதுக்குப் பலகைய அறுக்கணும்த்தா. பெட்டி அடிச்சு வயர இழுத்துட்டா பெறகு பிரிக்க முடியாது. மணலுன்னா கொட்டிரலாம்."

சாக்கை உதறி மடித்துவிட்டு, "ஏறு," என்றார்.

வயரிங் என்றால் அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கரண்ட் வேலை அவ்வளவாக வராது என்று தாதாவிடம் சொன்னேன். அப்பா மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னேன்.