மெசினை விட்டு எழும்பிய பிறகும்

தையல் மெசினை விட்டு எழும்பி வந்த பிறகும் ஒருவருடைய கால் எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டிருக்கும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மாவின் மெசின் நின்றது. அதன் இரும்பு மிதியில் அம்மாவின் வலது பாதம் படுகிற இடம் மட்டும் கறுப்புப் பெயின்ற் தேய்ந்து வெள்ளியாக மினுங்கும். தைத்து முடித்து, குசினிக்குள் வந்து பலகையில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதும் அம்மாவின் வலது கால் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். சீமெந்து நிலத்தில் குதிக்கால் தட்டுகிற மெல்லிய சத்தம் கேட்கும். “மெசினை மூடிப்போட்டா, மோட்டரை நிப்பாட்ட மறந்துபோனா” என்று அப்பா பகிடி விடுவார். அம்மா சிரிப்பா. கால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மறுபடி தொடங்கும்.

அந்த அசைவு எப்போது பழக்கமாக இருந்தது, எப்போது நோயாக மாறியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்போது நான் ரியூசனுக்குப் போய்வருகிற வயதுப் பெண்பிள்ளை. கால் ஆடுவதை வைத்து யார்தான் பயப்படுவார்கள்?

அம்மா வாய்க்காரி. எங்கள் பக்கத்தில் பெண்கள் தையல்காரியிடம் உடம்பை அளக்கக் கொடுப்பதில்லை. தங்களுக்குப் பொருந்திய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அதை அளவுச் சட்டை என்போம். அதைப் புதுத் துணியின்மேல் விரித்து, சோக்கட்டியால் கோடு இழுத்து, அம்மா வெட்டுவா. எங்கள் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் எப்போதும் அம்மாவிடம்தான் தைப்பார். அவர் அளவுச் சட்டையை நீட்டும்போது அம்மா சொல்லுவா: “ரீச்சர், இந்தச் சட்டை சொல்லுறதை நம்பி வெட்டவோ, இல்லாட்டி என்ர கண் சொல்லுறதை நம்பவோ?” ரீச்சர் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு, “கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு விரல் கூட விட்டு வெட்டுங்கோ” என்பார். இருவரும் சிரிக்கிற சிரிப்பு வாசல் படலை வரைக்கும் கேட்கும். வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடக்கும். யாருடையது முதலில், எதற்குக் கை, எதற்குக் கழுத்து என்று அம்மா மனதுக்குள்ளேயே ஒழுங்குபண்ணி வைத்திருப்பா. ஒன்றும் பிழையாகப் போனதில்லை.

அந்த ஒழுங்குதான் முதலில் போனது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா மெசினுக்கு முன்னால் சும்மா இருந்தா. மடியில் முன்பக்கமும் பின்பக்கமும் பொருத்திய சட்டை. “என்னம்மா செய்யிறீங்கள்?” என்று கேட்டேன். “ஒண்டுமில்லை” என்றா. “இப்ப கையைப் பொருத்த வேணுமெல்லோ?” என்றேன். உடனே எடுத்துப் பொருத்தினா. ஒரு சுருக்கம் இல்லாத தையல். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இருந்தா. நான் கழுத்து என்று சொல்லும்வரை இருந்தா. தைக்கிற கை அப்படியே இருக்க, அடுத்தது என்ன என்கிற நினைவு மட்டும் எங்கோ போயிருந்தது. அந்தப் பருவத்தில் நான் பின்னேரங்களில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, கை, கழுத்து, விளிம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நான் சொல்வதைக் கேட்டு இயங்கினா. அது ஏதோ விளையாட்டுப்போல முதலில் இருந்தது.

கோபமும் வந்தது. கத்தரிக்கோலை நான் இடம் மாற்றி வைத்ததற்காகச் சூடான தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தா. எறிந்த கை கீழே இறங்க முதலே, “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று சாதாரணக் குரலில் கேட்டா. சுவரில் தேயிலைச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. அதை அம்மா பார்க்கவே இல்லை. வேறு நாட்களில் ஒரு சொல்லுக்குள் சிக்கிக்கொள்ளுவா. நீல நூல் முடிந்துவிட்டது என்று காலையில் சொன்னால், நாங்கள் வாங்கி வந்து கையில் கொடுத்த பிறகும், அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே, நீல நூல் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பா.

ஆனால் என்னை இன்றும் பயப்படுத்துவது இன்னொன்று. ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது கிரவல் றோட்டில் விழுந்துவிட்டேன். முழங்கால் கிழிந்து இரத்தம். சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு விறாந்தையில் ஏறி நின்று விம்மி விம்மி அழுதேன். அம்மா மெசினிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. துணியைத் திருப்பித் திருப்பி எது நல்ல பக்கம் என்று பார்ப்பதைப்போல, பொறுமையாகப் பார்த்தா.

“ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?” என்றா.

“நான் அழுறன் அம்மா.”

“ஓ” என்றுவிட்டு ஊசியில் நூலைக் கோர்த்தா. அதில் கோபமோ வெறுப்போ இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் அழுகை அந்த நேரமே நின்றுவிட்டது. மெசின் ஓடத் தொடங்கியது.

பக்கத்து வளவில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தா. “தம்பி, நீ நம்பினாலும் நம்பாட்டியும் இது மச்சாள் இல்லை. ஆரோ உள்ளுக்கு வந்து இருக்கினம்” என்று அப்பாவிடம் சொன்னா. செய்வினை என்று முடிவெடுத்து, பூசாரி ஒருவரிடம் கூட்டிப்போய் நூல் கட்டினார்கள். பூசாரி உரத்த குரலில் நீ யார், எங்கேயிருந்து வந்தாய் என்று கேட்டார். அம்மா தன் பெயரையும் தகப்பன் பெயரையும் நாயாறு என்று ஊரையும் சொன்னா. “கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தனான்” என்றா. பூசாரிக்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மாமி சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அடுத்த நாளே அம்மாவைச் சோதித்துப் பார்த்தேன். என்னுடைய முதல் சட்டை என்ன நிறம்? காய்ச்சல் வந்தால் எனக்கு என்ன பாட்டுப் படிப்பீர்கள்? ஒளித்து விளையாடி நான் மாட்டிக்கொண்ட இடம் எது? எல்லாவற்றுக்கும் அம்மா சரியாகப் பதில் சொன்னா. பாட்டைக்கூட முழுதாகச் சொன்னா, கடைத்தெருவில் சாமான் பெயர் சொல்வதைப்போல. ஒரு பதிலாவது பிழையானால் இது வேறு யாரோ என்று வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. எல்லாம் தெரிந்த அம்மாதான் அங்கே இருந்தா. அம்மாவின் கால் மட்டும் கதிரைக்குக் கீழே மிதித்துக்கொண்டிருந்தது.

பிறகு ரீச்சருடைய சட்டை. அவர் புதுத் துணியும் அளவுச் சட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது புதுத் துணி மடித்தபடியே இருந்தது. அளவுச் சட்டைதான் துண்டு துண்டாக, சோக்கட்டிக் கோடு பிசகாமல், வெட்டப்பட்டு மேசையில் இருந்தது. ரீச்சர் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வழக்கமான பகிடி வரும் என்று காத்திருந்தார். “நீங்கள் தந்த சட்டையைத்தானே வெட்டினனான்” என்றா அம்மா. அவாவுக்கு அதில் எந்தப் பிழையும் தெரியவில்லை. ரீச்சர் துண்டுகளைப் பையில் வைத்தார். படலையடியில் என் தலையைத் தடவி, “அம்மாவை ஆசுப்பத்திரியில காட்டச் சொல்லும் பிள்ளை. இது சுகமில்லாத ஆள்” என்றார். அப்பா கூட்டிப்போனார். கவலையால் வருகிற நோய் என்று குளிசை கொடுத்தார்கள். போர் நடந்த ஊரில் கவலை இல்லாத ஆள் யார்?

மறுபடி சண்டை தொடங்கி இடம்பெயர்ந்தபோது மெசினை வீட்டு வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனோம். பங்கருக்குள் எல்லா முகங்களிலும் ஒரே பயம். அம்மாவின் முகம் மட்டும் வெறும் முகமாக இருந்தது. செல் குண்டு விழுந்து ஓய்கிற இடைவெளியில் மண்ணில் அம்மாவின் குதிக்கால் தட்டுகிற சத்தம் கேட்கும். மெசின் மண்ணுக்கடியிலிருந்தே ஓடுவதைப்போல. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் தாங்க முடியாமல், “அந்தக் காலைப் பிடியுங்கோ ஆராவது” என்று கத்தினார். நான் இரு கையாலும் பிடித்தேன். என் கைக்குள்ளும் அது மிதித்தது.

கடைசியில் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்த எங்களை, நெளுக்குளத்தில் பள்ளிக்கூடமொன்றை முகாமாக்கி வைத்திருந்தார்கள். அங்கே வந்த ஒரு வைத்தியர் காய்ச்சல்காரரின் வரிசையில் நின்ற அம்மாவின் காலைத்தான் முதலில் பார்த்தார். நாக்கை வெளியே நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அம்மா நீட்டினா. நாக்கு உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டினா. மறுபடி போனது. “இவாவின்ர தாய் தகப்பன் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?” என்று அப்பாவைக் கேட்டார். அம்மாவின் தகப்பன் ஒருநாளும் குடிக்காமலே நாயாற்றில் வெறிகாரன் என்று பெயர் வாங்கியவர், தள்ளாடி நடப்பாராம். அம்மாவின் சகோதரர்களைப் பற்றிக் கேட்டார். ஒருவர் தோணி கவிழ்ந்தும் மற்றவர் சண்டையிலும் இளம் வயதிலேயே போய்விட்டார்கள். நோய் தன்னைக் காட்டுகிற வயது வரை அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் யாரும் இருக்கவில்லை. வைத்தியர் தலையை ஆட்டிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “உங்களுக்குப் பிள்ளை இவா ஒராள்தானோ?” என்றார்.

அது ஹன்ரிங்ரன் (Huntington) நோய், மூளையைச் சிறிது சிறிதாக அழிக்கிற பரம்பரை நோய். அம்மா சில வருடங்களின் பின் காலமாகிவிட்டா. நான் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான்: கை கால் ஆடத் தொடங்க முதலே மனம் மாறத் தொடங்கும். ஒழுங்கு போகும், கோபம் வரும், மற்றவரின் முகத்தில் அழுகையையும் பயத்தையும் வாசிக்கிற திறமை போகும், மாறியது தனக்கே தெரியாமலும் இருக்கும். நோய் உள்ளவரின் பிள்ளைக்கு அது வருவதும் வராததும் சரிக்குச் சரி. அம்மா என்னை வெறுக்கவில்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலோடு சேர்ந்து இந்தப் பயமும் வந்தது.

இன்று அதே வளவில் புது வீட்டில் இருக்கிறோம். கலியாணத்துக்கு முதலே இவருக்கு எல்லாம் சொன்னேன். “வந்தால் பாப்பம்” என்று சொல்லித்தான் கட்டினார். இப்போது நான் சோற்றுக்கு உப்புப் போட மறந்தாலும், பிள்ளையை ஏசினாலும், இவரிடம் போய், “என்ர முகத்தை வடிவாப் பாருங்கோ, மாறிப்போச்சோ?” என்று கேட்கிறேன். “இஞ்சேர், எல்லாத் தாய்மாரும் மறக்கிறவைதான், ஏசுறவைதான். உமக்குத்தான் வேற வேலை இல்லை” என்கிறார். இருக்கலாம். ஆனால் போன மாதம் மூத்தவள் முற்றத்தில் விழுந்து எழும்பி அழுதபடி என்னைப் பார்த்தபோது, ஒரு கணம் அவள் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வெயில் என் கண்ணில் பட்டது. வெயிலால்தானா?

கைக்குழந்தையைச் சேலையில் கட்டிய ஏணையில் போட்டுக் காலால் ஆட்டித்தான் நித்திரையாக்குவேன். நேற்றுப் பின்னேரம் அவனைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். மூத்தவள் என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தம்பி நித்திரை. ஏன் இன்னும் ஆட்டுறீங்கள்?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். காலை நிறுத்தினேன். அது நின்றது. அம்மாவின் காலும் சொன்னவுடன் நின்ற கால்தான்.

கொழும்பில் இரத்தத்தைச் சோதித்துச் சொல்லுவார்களாம். தெரிந்துகொண்டால் மருந்தில்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டும். தெரியாமல் இருந்தால், நான் மாறுகிற நாளில் அது எனக்கே தெரியாது, என் பிள்ளை விறாந்தையில் நின்று என்னைச் சோதித்துப் பார்ப்பாள். இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு சோதனையைச் செய்தவராகவோ, செய்யாமல் விட்டவராகவோ இருந்தால், என்ன செய்தீர்கள், பிள்ளைக்கு எந்த வயதில் எந்தச் சொற்களால் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்களுக்கும் குழந்தையை ஏணையில் ஆட்டிய கால், குழந்தையை இறக்கிய பிறகும் ஆடியிருந்தால், அதையும் தயவுசெய்து எழுதுங்கள்.