அணைக்கரையில் செய்தி வாசிக்க வைத்த அக்கா

எங்கள் அக்காவை அடித்துக் கொன்றார்கள். இந்த நினைவு மலரில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று மட்டும் போட்டால் போதும் என்று உறவில் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். தம்பியாகிய நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓராண்டு ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது காவேரிப்பட்டினத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே அஞ்சல் வழியில் படித்தார். என்னையும் படிக்க வைத்தார். பிறகு நாளிதழ் நிருபரானார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இவன் உருப்படட்டும்" என்று என்னைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

ஓசூர்ப் பக்கத்து அணையில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதா, உள்ளூர் மீனவர்களுக்கே தருவதா என்று அரசு விதியை மாற்றும்போதெல்லாம், பிரமுகர்கள் மீன்குஞ்சு விடும் படத்தோடு நம் ஊர் நிருபர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஓசூரில் ஒரு மாடி அறை பிடித்து, ஞாயிறுதோறும் பகுதி நேர நிருபர்களுக்கு மீன்வளக் கொள்கையைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுத்தார். வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. எழுதிய செய்தியை அனுப்புவதற்கு முன் அணைக்கரை மீனவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர்களில் பலர் பேசும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்க வேண்டும். தப்பு என்று அவர்கள் சொன்ன வரியை அங்கேயே திருத்த வேண்டும்.

அந்த வழக்கம்தான் எமனாயிற்று. மாணவி சாரதா பகலில் தொழிற்சாலைக்குப் போகிறவர், இரண்டு குழந்தைகளின் தாய். மீன் உரிமையை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரரின் ஆட்கள் உள்ளூர்க்காரர்களின் வலைகளை அறுப்பதையும், புதிய விதி அதற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்பதையும் எழுதியிருந்தார். எல்லோரும் கூடுகிற இடமாயிற்றே என்று, மீன் எடை போடும் கொட்டகையிலேயே வாசித்தார்கள். தராசுக்குப் பின்னால் நின்றவன் குத்தகைதாரரின் ஆள். வாசித்து முடிப்பதற்குள் இரும்புக் கம்பி, அரிவாளோடு ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். பரிசல்களை அரிவாளால் கிழித்தார்கள். தடுத்த மீனவர் ஒருவரின் கையை முறித்தார்கள். மீனும் ரத்தமும் ஒரே சேற்றில் கிடந்தன.

"எவடி எழுதுனது?"

அக்கா சாரதாவின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினார். "நான்தாண்டா எழுதுனன். இன்னா பண்ணுவ?"

கம்பி தலையில் இறங்கியது. கீழே விழுந்த பிறகும் மிதித்தார்கள். காகிதத்தைத் தண்ணீரில் வீசினார்கள்.

மருத்துவமனையில் அக்கா ஒரே ஒரு முறை கண் திறந்தார். "போலீசு கேட்டா நான் எழுதுனன்னே சொல்லு தம்பி. அவளுக்குக் கொழந்தைங்க இருக்குது." அன்று மாலையே உயிர் பிரிந்தது. நானும் அப்படியே சொன்னேன். மறுநாள் ஒரு நாளிதழில் ‘மீன் எடையில் தகராறு: பெண் பலி’ என்று வந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டார். செய்தியே கிடையாது, வெறும் எடைச் சண்டை என்றார்.

கிழியாமல் மிஞ்சிய ஒரே பரிசலில் அக்காவைச் சாலைப்பக்கக் கரை சேர்த்த மீனவர்களுக்கும், ரத்தம் கொடுக்க ஓடி வந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவுக்கும் கைகூப்புகிறோம். ‘தகராறு’ என்று எழுதிய மகராசனுக்கு நன்றி கிடையாது.

சாரதாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சென்ற மாதம் அவரே சாட்சிக் கூண்டில் ஏறினார். அடித்தவர்கள் எதிரே நின்று முறைத்தார்கள். "செய்தி இருந்திச்சிங்க. எழுதுனது நான். எம் பேரு போட்டுக்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் கத்திவிட்டேன். "உன்னக் காப்பாத்தத்தானம்மா அக்கா செத்தாங்க!"

சாரதா திருப்பிக் கேட்டார். "அதுக்காக, மீனு சண்டையில செத்தாங்கன்னு உட்டுடச் சொல்றீங்களாண்ணா?"

சாட்சி சொன்னவரை அந்த ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். அவரையும் குழந்தைகளையும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். இப்போது அக்காவின் அறையில் அவர்கள்தான் இருக்கிறார்கள்.