தானாகக் கிளம்பாத டீமன்

மென்பொருளின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகில் நான் எழுதிய வரி இது: “வேகக் கட்டுப்பாடு நிறுவியதும் ஓடும். மின்னழுத்தக் குறைப்பு ஓடாது. பயனர் இயக்க வேண்டும்.” பதிவான கிழமை செவ்வாய். கிடர்பூரில் வாக்குவாதம் வந்தது இந்த வரியால்தான்.

துறைமுகத்தருகே, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகம். தகரக் கூரைக்கடியில் எட்டு கணினிகள். சித்திரை வெயிலில் பிற்பகலானால் பிராசசர் சூடேறிக் கணினி தானே அணையும். பாதி அடித்த சுங்கப் பத்திரம் போய்விடும். மேலாளர் சுந்தரம், பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழர்; வங்காளிகளைப் போல எல்லாரையும் ‘மொஷாய்’ (ஐயா) என்பார். அவருக்காகத்தான் பிராசசரின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துச் சூட்டைத் தணிக்கும், பின்னணியில் ஓடும் லினக்ஸ் நிரல் (டீமன்) ஒன்றை, நிறுவத் தயாரான டெப் பேக்கேஜாகக் கட்டினேன்.

டெப் பேக்கேஜில் ஒரு வழக்கம் உண்டு: டீமனை நிறுவினால் உடனே ஓடத் தொடங்கும். அதைப் பாதி மீறினேன். வேகத்தைக் குறைத்தால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மின்னழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினி அப்படியே உறையும். ஒரே மாடல் சிப்பானாலும் ஒன்று தாங்கும் அளவை இன்னொன்று தாங்காது. இன்னொரு காவலும் வைத்தேன்: ஒழுங்காக அணைக்கப்படாத கணினி மறுபடி பூட் ஆகும்போது, டீமன் மின்னழுத்தத்தைத் தொடாது.

சுந்தரத்துக்கு இது பிடிக்கவில்லை.

“என்ன மொஷாய், சாமி வரணும்னா நான்தான் உடுக்கை அடிக்கணுமா? போட்டா ஓட வேண்டாமா?”

“ஒவ்வொண்ணையும் தனியா சோதிக்கணும் சார். ரெண்டு நாள் குடுங்க.”

“கப்பல் குடுக்குமா?”

அன்று எட்டிலும் பேக்கேஜை நிறுவி, ஒரு கணினியை மட்டும் சோதித்து, அதற்கேற்ற அளவை அமைப்புக்கான கான்ஃபிக் கோப்பில் எழுதி, மின்னழுத்தக் குறைப்பை இயக்கிவிட்டு வந்தேன். மறுநாள் காலை சுந்தரம் அந்தக் கோப்பையே மற்ற ஏழிலும் நகலெடுத்துப் போட்டு இயக்கிவிட்டார். ஆறு தாங்கின. ஏழாவதில் ஒரு மருந்து கன்டெய்னருக்கான பத்திரம் திறந்திருந்தது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அந்தக் கணினிதான் உறைந்தது.

போனில் அவர் குரல் இறங்கியிருந்தது. நகலெடுத்ததை அவரே சொன்னார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போடச் சொன்னேன். பூட் ஆனது. டீமன் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தது. பத்திரத்தை முதலிலிருந்து அடித்து நேரத்துக்குள் அனுப்பினார்கள்.

“மெதுவாத்தான் ஓடுது. ஆனா ஓடுது,” என்றார். “நாளைக்கு வந்து மிச்சத்தையும் சோதிச்சுடுங்க.”

பேக்கேஜ் கட்டுபவர்களுக்கு நான் சொல்வது: வழக்கத்தைப் பின்பற்றுங்கள். தவறினால் கணினி எழாது என்ற இடத்தில் மட்டும் நின்று, பயனரைக் கேளுங்கள். அவர் உங்கள் பேச்சைக் கேளாமல் செய்தாலும் திரும்பி வர ஒரு வழி வையுங்கள்.

ஏழாவது கணினி மின்னழுத்தத்தால்தான் உறைந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை. அன்று அதன் விசிறியும் நின்றிருந்ததாகச் சுந்தரம் பின்னர் சொன்னார். கணினியின் பதிவுக் கோப்பான லாகைப் பார்த்தேன். உறைந்த கணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.